சொக்கியின் குர்குர்

ஒரு குளத்தங்கரையில் துடுப்பன் என்ற நீர்நாய் வாழ்ந்து வந்தது. காட்டோரம் யாராவது கிழட்டுப் பூனையைச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போனால், சாக்கைக் கடித்து அவிழ்த்து, பூனையைத் தன் பொந்துக்குக் கூட்டி வந்து மீன் கொடுக்கும். எலி பிடிக்கிற வரை மடியில் வைத்துக் கொஞ்சுவதும், பல் போனதும் சாக்கைத் தேடுவதும் மனிதர்களுக்குக் கைவந்த கலை.

அப்படி வந்த சொக்கி என்ற பூனை இப்போது எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தது. மீனைத் தொடவில்லை. முன்பு இருந்த பூனை, துடுப்பன் வெளியே போயிருந்த நேரத்தில் தனியாகச் செத்துப்போயிருந்தது. அதனால் சொக்கி சற்று அசையாமல் கிடந்தாலும் துடுப்பன் ஓடிப்போய் மூச்சு வருகிறதா என்று பார்க்கும்.

துடுப்பன் சிறியாநங்கை என்ற மூலிகையின் இலையை மென்று, சொக்கியின் வாயைத் திறந்து திணித்தது. பயங்கரக் கசப்பு. சொக்கி கண்ணை மூடிக்கொண்டு, "குர்ர்... குர்ர்..." என்றது.

"கேட்டியா! அக்கா சந்தோஷமா இருக்காங்க. மருந்து வேலை செய்யுது!" என்று துடுப்பன் கரையில் நின்ற கொக்கிடம் சொன்னது.

"அப்படின்னா மலையடிவாரத்துல இதைவிடக் கசப்பா ஒரு வேர் இருக்கு. அதையும் கொடுத்துப் பாரேன்" என்றது கொக்கு. ஊருக்கெல்லாம் மருந்து சொல்லும் கொக்கு அது. தனக்கு ஒன்று என்றால் வாயைத் திறக்காது.

துடுப்பன் உடனே கிளம்பியது.

"போக வேண்டாம் தம்பி" என்றது சொக்கி.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன் அக்கா. அதுவரைக்கும் தாங்கிக்குங்க."

பாதி வழியில் ஒரு காட்டுப்பூனை மறித்தது. "எங்கே இவ்வளவு அவசரம்?"

"எங்க சொக்கி அக்காவுக்கு மருந்து. மருந்து கொடுக்கக் கொடுக்கக் குர்குர்னு சத்தம் போடறாங்க. குணமாகிடுவாங்க."

காட்டுப்பூனை சிரிக்கவில்லை. "நாங்க சந்தோஷத்துல மட்டும் குர்குர்னு சொல்ல மாட்டோம். வலி தாங்க முடியலன்னாலும் அதே சத்தம்தான். எங்களை நாங்களே தட்டிக் கொடுத்துக்கறது அது. எந்தக் குர்குர்னு அவளைக் கேட்டியா?"

துடுப்பன் கேட்டதே இல்லை. அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த வழியே ஓடியது. முள் கிழித்தது, நிற்கவில்லை. அக்கா இருக்க வேண்டுமே, இருக்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பொந்து காலியாக இருந்தது.

துடுப்பனுக்கு உயிரே போனதுபோல் இருந்தது. பிறகுதான் பார்த்தது, சொக்கி ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்து வெயில் பட்ட பாறையில் கிடந்தது. மூச்சு இருந்தது.

"அக்கா, ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது தம்பி. இந்த இலையைத் தின்னா இன்னும் வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா கொண்டு வருவே. எப்படிச் சொல்றது?"

துடுப்பன் குனிந்து கேட்டது: "நான் என்ன செய்யணும்?"

"இடுப்புக்குக் கீழே கொஞ்சம் புல் வை. வாயை ஈரமாக்கு. அப்புறம் எங்கேயும் போகாதே."

துடுப்பன் காய்ந்த புல்லை அள்ளி வந்து பரப்பியது. வாலை நனைத்துச் சொக்கியின் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டது. ஒட்டி உட்கார்ந்துகொண்டது. பயம் போகவில்லை. இருந்தாலும் எழுந்து ஓடவில்லை.

வெயில் சாய்ந்தது. சொக்கி தலையைத் துடுப்பனின் மேல் வைத்து, "குர்ர்... குர்ர்..." என்றது.

"அக்கா, இது எந்தக் குர்குர்?"

"இது மற்றது" என்றது சொக்கி.

அந்தச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றபோது, துடுப்பன் பக்கத்திலேயே இருந்தது.

நோயில் கிடப்பவருக்கு என்ன வேண்டும் என்பதை நம் பயத்திடம் கேட்கக் கூடாது, அவரிடமே கேட்க வேண்டும்.