தேன் பானையும் நகம் பார்த்த அதிகாரியும்

முன்னொரு காலத்தில், பழைய சோற்றுக்குக்கூடத் தேன் தொட்டுக்கொள்ளும் ராஜா ஒருவர் இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள எந்த ஊரும் முன்வரவில்லை.

ஒருநாள் அவருடைய தேன் கிண்ணத்தில் ஈ ஒன்று செத்து மிதந்தது. ராஜா முகம் சுளித்தார். "இனி என் நாட்டில் சுத்தமான தேன்தான் விற்க வேண்டும். சட்டம் எழுதுங்கள்" என்று பண்டகசாலை அதிகாரி கஜபதியாருக்கு உத்தரவிட்டார்.

கஜபதியார் எழுதினார்: தேனைத் தயாரிப்பவர்கள் ஒருவர் விடாமல் அரண்மனைக்கு வந்து, குளித்து, நகம் வெட்டி, அதிகாரி முன் வாய் திறந்து காட்ட வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் அந்த ஊர்த் தேன் முழுவதும் குளத்தில் கொட்டப்படும். கஜபதியாரின் மைத்துனர் அரண்மனை வாசலிலேயே தேன் விற்றார். அவர் வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மலையூரிலிருந்து வந்த வெள்ளைச்சியின் பானைகளுக்கோ முத்திரை வைத்துவிட்டார்கள். அவள் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து, அரசவை விகடகவி அம்பலத்தாடி விசாரித்தார்.

"சாமி, எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பானையில தேனீ வளர்க்கிறோம். பிள்ளை பெத்துப் படுத்திருக்கிறவ இருக்கா, கால் விளங்காத பெரியவர் இருக்காரு. எல்லாரையும் எப்படிக் கூட்டிட்டு வர்றது? இதை வித்துத்தான் மழைக்காலத்துக்கு அரிசி வாங்கணும்."

அம்பலத்தாடி ராஜாவிடம் போய் முறையிட்டார். அவரைக் கண்டாலே ஆகாத கஜபதியார் குறுக்கே புகுந்தார். "மகாராஜா, இவருக்கு அவ்வளவு அக்கறை இருந்தால், தயாரித்தவர்களை எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் இவரே சபையில் நிறுத்தட்டும். ஒருவர் குறைந்தாலும் தேனையும் கொட்டுவோம், இவரையும் நாடு கடத்துவோம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அவருக்கு வேடிக்கை என்றால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை. வாயைத் துணியால் கட்டிய பானை ஒன்றை ஏந்திக்கொண்டு அம்பலத்தாடி வந்தார். பின்னால் வெள்ளைச்சி மட்டும் வந்தாள்.

"ஊர்க்காரர்கள் எங்கே?" என்றார் கஜபதியார், மீசையைத் தடவியபடி.

"ஊர்க்காரர்கள் தேனை எடுத்தவர்கள். சட்டம் கேட்டது தயாரித்தவர்களை. இந்தப் பானையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள். நேற்று இருட்டியபின், எல்லோரும் வீடு திரும்பியதும்தான் பானை வாயைக் கட்டினோம். நீங்கள் நகத்தைப் பாருங்கள்" என்று சொல்லித் துணியை அவிழ்த்தார் அம்பலத்தாடி.

குபுகுபுவென்று தேனீக்கள் கிளம்பின. கஜபதியார் கழுத்தில் மல்லிகை மாலை. கேட்கவேண்டுமா? பாதிக் கூட்டம் அங்கேதான் போயிற்று. அவர் தூணைச் சுற்றி ஓடினார்.

"ஐயா, ஓடினால் எப்படி? வாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு கால். பொறுமையாகப் பார்க்க வேண்டும். இன்னும் அறுபது பானை கீழே வண்டியில் இருக்கிறது."

ராஜா சால்வையால் தலையை மூடிக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். பானையை அங்கேயே வைத்தால் சாயங்காலம் தேனீக்கள் எல்லாம் உள்ளே போய்விடும் என்றாள் வெள்ளைச்சி. சபை பக்கத்து மண்டபத்துக்கு மாறியது.

"சரி, என் கிண்ணத்து ஈக்கு என்ன பதில்?" என்று கேட்டார் ராஜா.

முத்திரை வைத்த தேன் பானை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார் அம்பலத்தாடி. ராஜாவே திறந்து பார்த்தார். துணியில் வடிகட்டிய தேன், தூசி தும்பு இல்லை. "மகாராஜா, மூடிய பானைக்குள் ஈ போகாது. மூடாத கிண்ணம் தங்கள் பண்டகசாலையில் இருந்தது."

ராஜா கஜபதியாரைப் பார்த்தார். கஜபதியார் தம் வீங்கிய மூக்கைப் பார்த்தார்.

அன்றே சட்டம் மாறியது: அதிகாரிதான் ஊருக்குப் போய்ப் பானையும் வடிகட்டும் துணியும் சுத்தமா என்று பார்க்க வேண்டும். வெள்ளைச்சிக்கு மூச்சு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி ஊர்ல அடுப்பு எரியும்" என்றாள்.

"உமக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா அம்பலத்தாடியைக் கேட்டார்.

"ஒன்றுதான், மகாராஜா. பானையைத் தொடுமுன் அதிகாரி இந்த அம்மாவிடம் கையைக் காட்ட வேண்டும்."

கஜபதியார் வேறு வழியில்லாமல் கையை நீட்டினார். வெள்ளைச்சி குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

"நகம் வெட்டிட்டு வாங்க, சாமி."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. அதைத் திரும்ப வைத்துக்கொள்ளக்கூட மறந்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார்.