ஓடையைத் தாண்ட ஒரு மட்டை

இதை எனக்கு முதலில் சொன்னது லீதியா அக்கா. போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து, சபைக் கூடத்துக்குப் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். அவர்கள் வீட்டுக்காரர் ஜெபநேசனுக்கு நடந்தது. கோல்ஃப் எனக்குத் தெரியாது. அக்கா விளக்கியது எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

ஜெபநேசன் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவின் அண்ணன் தங்கையாவும் அவரும் வருடா வருடம் கிளப் போட்டியில் ஜோடியாக ஆடுவார்கள். அந்தப் போட்டியில் ஒரு ஜோடிக்கு ஒரே பந்துதான். ஒருவர் அடித்த பந்து எங்கே போய் விழுகிறதோ, அங்கிருந்து மற்றவர் அடிக்க வேண்டும்.

மைதானத்தில் ஓர் இடத்தில் ஓடை குறுக்கே ஓடுகிறது. அதைத் தாண்டித்தான் குழி. அங்கே முதல் அடி எப்போதும் ஜெபநேசனுடைய முறை. பந்து பெரும்பாலும் ஓடையில்தான் விழும். அவர் மட்டையை ஓங்கும்போதே தங்கையா சொல்வாராம்:

“நீங்க அடிங்க மாப்ள. நான் பேண்டை மடிச்சு விட்டுக்கறேன்.”

போன வருடப் போட்டியிலும் தோற்றுவிட்டுக் காரில் ஏறும்போது தங்கையா வேறொன்று சொன்னார்.

“மாப்ள, வர்ற வருஷம் மட்டும் ஆடறேன். அப்புறம் வேற ஆளைப் பாத்துக்குங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஜெபநேசனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வேலையை விட்ட பிறகு அவருக்கு வாரத்தில் ஒரு நாள் என்றிருந்தது மச்சானோடு ஆடும் சனிக்கிழமைதான்.

தோற்றதில்தான் மச்சானுக்கு வெறுப்பு என்று நினைத்தார். ஓடையைத் தாண்டிவிட்டால் மச்சான் இருப்பார் என்றும் நினைத்தார்.

கிளப்பில் ஆட்டம் சொல்லித் தருகிறவர் செலின் என்ற பெண். ஜெபநேசனைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் ஜெபநேசன் அவரை “மாஸ்டர்” என்றுதான் கூப்பிடுவார். செலின் அவரை “அண்ணா” என்பார்.

கிளப்புக்கு விடுமுறையான ஒரு திங்கட்கிழமை, ஜெபநேசன் இரண்டு புது மட்டைகளோடு செலினிடம் வந்தார். கடையில் சொல்லி, அடித்துப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி வந்தவை.

“மாஸ்டர், என் பையில ஒரு இடைவெளி இருக்கு. பெரிய வுட் மட்டையில அடிச்சா இருநூறு கஜம் போகுது. அதுக்கு அடுத்த மட்டை நூத்தம்பதுதான் போகுது. ஓடையைத் தாண்டிக் குழிகிட்ட விழ நூத்தியெழுபத்தஞ்சு வேணும். நடுவுல வைக்க எதை வாங்கறது?”

“என்ன கொண்டு வந்திருக்கீங்க?”

“இது அஞ்சாம் நம்பர் வுட். தண்டு விறைப்பு. இது ஏழாம் நம்பர். தண்டு கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும்.”

“உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

“விறைப்புதான். வளையற தண்டைப் பொம்பளைங்கதான் வச்சிருப்பாங்கன்னு கடையில சொன்னாங்க.”

“என் பையில இருக்கிறது அதுதான்.”

“நீங்க மாஸ்டர். உங்களுக்கென்ன.”

“சரி. வாங்க, ஓடைக்கே போவோம்.”

ஓடைக்கு இப்பால் நின்று ஜெபநேசன் விறைப்புத் தண்டால் அடித்தார். முதல் பந்து வானத்தில் கோடு போட்ட மாதிரி போய் அக்கரையில் குழிக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் திரும்பிச் செலினைப் பார்த்தார்.

“அழகு” என்றார் செலின்.

அடுத்தது தாழ்வாகப் போய் வலது பக்கம் விலகி ஓடையில் விழுந்தது.

“அது சரியா படல. கணக்குல வேணாம்” என்று ஜெபநேசன் இன்னொரு பந்தை எடுத்து வைத்தார்.

“இருங்க அண்ணா. போட்டியில அந்தப் பந்தை என்ன செய்வீங்க?”

“அங்கேருந்தே அடிக்கணும். மச்சான் இறங்குவார்.”

“இன்னைக்கு அவர் இல்ல. நீங்க இறங்குங்க.”

ஜெபநேசன் சிரித்தார். செலின் சிரிக்கவில்லை. அதனால் இறங்கினார்.

கரை செங்குத்து. புல் ஈரமாக இருந்தது. ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வந்தார். மீதியைச் சறுக்கியே வந்தார். கோடை என்பதால் தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஒரு காலைக் கல்மேல் வைத்து, ஒரு காலைச் சேற்றில் வைத்து அடித்தார். பந்து எழும்பவில்லை. சேறு எழும்பியது.

மேலே ஏறி வந்து மறுபடி அடித்தார். மறுபடி ஓடை. மறுபடி இறங்கினார். ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“மாஸ்டர், மச்சானுக்கு என்னைவிட அஞ்சு வயசு கூட. இதுல எப்படி இறங்கினார்?”

“நீங்க பார்த்ததில்லையா?”

“நான் அந்நேரம் பாலத்து வழியா அக்கரைக்குப் போயிடுவேன். அடுத்த அடி என்னோடது இல்லையா. இறங்கும்போது அவர் பாட்டுக்கு ஏதாவது கேலி பேசிட்டே இறங்குவார்.”

செலின் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ஜெபநேசன் அடித்தார். பந்து உயரமாக எழும்பி, ஓடையைத் தாண்டியதும் பொத்தென்று விழுந்தது. உருளவில்லை. அடுத்ததும் அப்படியே. ஒன்று மட்டையின் ஓரத்தில் பட்டது. அதுவும் தட்டுத் தடுமாறி அக்கரைப் புல்லில் போய் உட்கார்ந்தது. ஒன்று மண்ணில் பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் இக்கரையில், நல்ல புல்லில் நின்றது.

குழிக்குப் பக்கத்தில் ஒன்றுகூடப் போகவில்லை.

ஜெபநேசன் இரண்டு மட்டைகளையும் புல்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கால்சட்டையெல்லாம் சேறு.

“ஆனா மாஸ்டர், அந்த முதல் பந்தைப் பார்த்தீங்களே.”

“பார்த்தேன்.”

“இந்த மட்டையில அப்படி ஒண்ணு என்னைக்குமே வராது.”

“வராது.”

“அப்படி அடிக்கத்தானே இவ்வளவு வருஷமா ஆடறேன்?”

செலின் ஓடையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஆசைப்படறது தப்பில்ல அண்ணா. அந்தப் பந்துக்கு அப்புறம் மச்சானுக்கு என்ன வேலை?”

“சும்மா உருட்டி விட்டா போதும்.”

“ஓடையில விழுந்ததுக்கு அப்புறம்?”

ஜெபநேசன் தன் கையைப் பார்த்தார். செடியைப் பிடித்த இடத்தில் முள் கீறியிருந்தது.

“ஓடையில இறங்கறப்ப அவர் எந்த மட்டையை எடுத்துட்டுப் போறார்னு கேட்டிருக்கீங்களா?” என்றார் செலின்.

“இல்ல.”

“நல்லா அடிக்கற பந்தை நீங்க வீட்டுக்குக் கொண்டு போயிடுவீங்க அண்ணா. அக்காகிட்ட சொல்வீங்க, படுக்கும்போது நினைச்சுப் பார்ப்பீங்க. தப்பா அடிக்கற பந்து மட்டும்தான் அவர் கைக்கு வருது. இப்ப நீங்க சொல்லுங்க, எந்தப் பந்துக்கு மட்டை வாங்கலாம்?”

ஜெபநேசன் ஏழாம் நம்பர் மட்டையைக் கையில் எடுத்தார்.

வருகிற சனிக்கிழமை போட்டி. தங்கையா அண்ணன் அதோடு நிறுத்துகிறாரா, இன்னும் ஆடுகிறாரா என்று லீதியா அக்காவுக்குத் தெரியவில்லை. நீங்கள் ஜெபிக்கும்போது, அன்றைக்கு மழை வராமலிருக்க ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.