‘மே’ என்றால் என்ன அர்த்தம்?

சங்கரன்கோவில் பஜாரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதன் மேனேஜர் தாமோதரனுக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். தினமும் கடை திறந்ததும் விற்பனைப் பெண்களை வரிசையாக நிற்கவைத்து இங்கிலீஷ் பாடம் எடுப்பார். பாடம் முடிந்த பிறகும் அவர்கள் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

ஒருநாள் தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் அம்மா வந்தார். சேதி முன்பே கசிந்திருந்ததால், குடோனில் கிடந்த ஸ்டூல்களெல்லாம் தூசி தட்டிக் கடைக்குள் வந்திருந்தன.

“இவங்களை உட்கார விடுறீங்களா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். “தே மே சிட், மேடம்!”

ஆய்வாளர் புடவைப் பிரிவில் நின்ற செண்பகவல்லியிடம் திரும்பினார். “நிஜமாம்மா?”

மேனேஜர் முறைத்தார். ‘இல்லை’ என்று சொன்னால் வேலை போய்விடும். ‘ஆமாம்’ என்று சொன்னால் காலம் முழுக்க நிற்க வேண்டியதுதான். செண்பகவல்லி பணிவாகச் சொன்னாள்:

“சார் சொன்னது சத்தியமான வார்த்தை, மேடம். ‘மே’வுக்கு அவர்தான் எங்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தாரு. ‘இட் மே ரெயின்’னா மழை வரலாம், வராமலும் போகலாமாம். அதே மாதிரிதான் நாங்களும் உட்காரலாம். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷமாச்சு, இன்னும் ஒரு தூறல்கூடப் போடலை.”

கடையே சிரித்தது. ஆய்வாளரும் சிரித்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

“‘மஸ்ட்’டுன்னா என்ன சார்?”

“கட்டாயம், மேடம்” என்றார் மேனேஜர்.

“அப்போ இனிமேல் ‘மே’ வேண்டாம். ‘மஸ்ட்’டுன்னே வச்சுக்குங்க.”

மேனேஜரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். செண்பகவல்லி காலை நீட்டி உட்கார்ந்து, “தேங்க் யூ, சார்” என்றாள்.

அந்த இங்கிலீஷுக்கு அவர் அர்த்தம் சொல்லவில்லை.