கையெழுத்து அழகா இருக்கிற பொண்ணு

"டீச்சர், பொண்ணுங்களுக்கு ஏன் பிசிக்ஸ் வர மாட்டேங்குது?"

கேட்டவரு மாசிலாமணி சார். பன்னெண்டாம் வகுப்புக்குப் பிசிக்ஸ் எடுக்கிறவரு. தலை முழுக்க நரைச்சாச்சு.

அவரு கேட்டது ஜெசிந்தா டீச்சர்கிட்ட. பக்கத்து டவுன் ஸ்கூல்ல அவங்களும் பிசிக்ஸ்தான். சாரைவிட ரொம்பச் சின்னவங்க. அவங்ககிட்ட படிச்ச பொண்ணுங்கள்ல யாராவது வருஷம் தவறாம காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கிறாங்கன்னு ஒரு பேச்சு உண்டு.

வயசுல சின்னவங்ககிட்ட போய் ஒரு வாத்தியார் சந்தேகம் கேக்கணும்னா எவ்வளவு நொந்திருக்கணும். சார் அவ்வளவு நொந்துபோய்தான் அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி வந்திருந்தாரு.

டீச்சர் லேப்ல ஒரு அலமாரியைத் தொடச்சுக்கிட்டு இருந்தாங்க. திரும்பிப் பாக்கல.

"எந்தப் பொண்ணுக்கு வரல?"

"பொதுவாக் கேட்டேன்."

"பொதுவாக் கேக்க யாரும் பஸ் ஏற மாட்டாங்க சார்."

சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. கொஞ்ச நேரம் கர்ச்சீப்பை மடிச்சாரு, பிரிச்சாரு.

"நாகஜோதின்னு ஒரு பொண்ணு," அப்படின்னாரு. "போன வருஷம் என்கிட்ட படிச்சா. தியரியில அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பிராக்டிகல் பரீட்சையில சீட்டு எடுத்தா, மீட்டர் பிரிட்ஜ் சோதனை வந்துச்சு. ஒயரு, பேட்டரி, மீட்டர் எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு. நின்னா. தொடவே இல்ல."

"ம்."

"நேரம் போய்க்கிட்டே இருக்கு. வெளி ஸ்கூல்ல இருந்து வந்த எக்ஸாமினர் அவ பக்கத்துல போயி, ஏம்மா சும்மா நிக்கிறன்னு கேட்டாரு."

"அவ என்ன சொன்னா?"

"சார், நான் எழுதுவேன் சார்னு சொன்னா."

அலமாரியைத் தொடச்ச டீச்சரோட கை நின்னுச்சு.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் டீச்சர். அதுக்கு மேல அவளும் பேசல, நானும் பேசல. அந்த மார்க்கை வச்சு அவ கேட்ட காலேஜ்ல பிசிக்ஸ் கிடைக்கல. வேற எதுவும் அவ கேக்கல."

"இப்ப என்ன பண்றா?"

"காலையில மில்லு வேன் வரும்ல, அதுல போறா. நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்ப ஜன்னலோரம் தெரிவா. முதல்ல கொஞ்ச நாள் வணக்கம் சொன்னா. இப்பெல்லாம் என்னைப் பாத்ததும் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிறா."

"அது முடிஞ்சுபோன கதை," அப்படின்னாங்க டீச்சர். "முடிஞ்ச கதைக்கு வந்திருக்க மாட்டீங்க."

"இந்த வருஷம் திலகராணின்னு ஒருத்தி. அந்த குரூப்ல பொண்ணுன்னா அவ ஒருத்திதான். நாகஜோதிக்கு அடுத்த வீடு. வர்ற வியாழக்கிழமை பிராக்டிகல். அவங்கப்பா சொல்லிட்டாரு, மார்க் வந்தா மேல படிக்கட்டும், வரலேன்னா நாகஜோதி பக்கத்துல வேன்ல ஒரு சீட்டு காலியா இருக்குன்னு. நேத்து லேப்ல பாத்தேன். இவளும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிறா டீச்சர்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் பண்ணாதது ஒண்ணும் இல்ல. பிரேயர்ல பேசினேன். பெண்ணே, இயற்பியல் படின்னு ஸ்கூல் கேட்டுல பேனர் வச்சேன்."

"பேனர்ல யாரு படம்?"

சார் யோசிச்சாரு.

"ஹெட்மாஸ்டர் படம்."

"நல்லா வந்திருந்துச்சா?"

"கொஞ்சம் கறுப்பா விழுந்துடுச்சுன்னு அவருக்கு வருத்தம்."

டீச்சர் சிரிக்கல. சாருக்கு வேகம் வந்துடுச்சு.

"பொண்ணுங்களை ஒரு வார்த்தை அதட்டினது கிடையாது டீச்சர். பசங்களோட இடிச்சுக்கிட்டு நிக்க வேணாம்னு சுவரோரமா ஒரு சேர் போட்டுக் குடுத்திருக்கேன். கையெழுத்து அழகா இருக்குல்ல, அதனால அந்தப் பொண்ணு உக்காந்து ரீடிங் எழுதும். பசங்க பாத்துச் சொல்லுவாங்க. என்னைக்காவது ஒயரை எடுத்துத் தடுமாறினா, தள்ளுமான்னு சொல்லி நானே கனெக்‌ஷன் குடுத்துடுவேன். நாகஜோதியை எல்லாம் பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டேன்."

டீச்சர் அலமாரியோட ரெண்டு கதவையும் விரியத் திறந்தாங்க.

உள்ள ஒரு தட்டு முழுக்க செத்த சாமான். மூஞ்சி கருகின மீட்டரு. முள்ளு வளைஞ்ச மீட்டரு. மூலை உடைஞ்ச பிரிசம். பாதி உருகின ஒயரு.

"என்ன டீச்சர் இது, காயலான் கடைக்கா?"

"இல்ல சார். போன வருஷத்துப் பொண்ணுங்க."

சாருக்குப் புரியல. ஆனா தன் லேப்பை நினைச்சுக் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. இருந்ததை மறைக்கவும் இல்ல.

"என் சர்வீஸ்ல ஒரு மீட்டர் கருகினது கிடையாது டீச்சர். எல்லாம் பெட்டியில இருந்து இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி தொட்டுப் பாத்துட்டுப் பாராட்டினாரு."

"பொருள் எல்லாம் பத்திரமா இருக்கு."

"பத்திரமா இருக்கு."

"பொருள் சரி," அப்படின்னாங்க டீச்சர்.

அதுக்குள்ள ஸ்கூல் பிள்ளைங்க உள்ள வந்தாங்க. பையனும் பொண்ணுமாக் கலந்து ஒரு கூட்டம். சனிக்கிழமையில அந்த செத்த மீட்டரை எல்லாம் பிரிச்சு, அறுந்த கம்பியை ஈயம் வச்சு ஒட்டி உயிர் குடுக்கிறது அவங்க வேலை. டீச்சர் முன்னாடி நின்ன பர்வீனாங்கிற பொண்ணு காதுல ஏதோ சொன்னாங்க. சொல்லிட்டு மூலையில போய்ப் பேப்பர் திருத்த உக்காந்துட்டாங்க.

"சார், நீங்களும் எங்ககூட வாங்க சார்," அப்படின்னா பர்வீனா.

சார் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு மேசைக்கு வந்தாரு. அவரு ஸ்கூல்ல எதுவும் கருகினதில்ல. அதனால ஈயம் உருக்குற சால்டரிங் அயர்னை அவரு கையில பிடிச்சு ஒரு காலம் ஆச்சு. ஆனாலும் எடுக்கப் போனாரு.

"ஐயோ, சூடு சார்," ன்னா பர்வீனா. பதமா அவரு கையை ஒதுக்கினா. "உங்களுக்கு எதுக்கு சிரமம். இந்தாங்க, நீங்க எழுதுங்க. எந்த மீட்டர்ல என்ன பழுதுன்னு நாங்க பாத்துச் சொல்றோம்."

"எனக்கு எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்மா."

"பரவால்ல சார். உங்களைப் பாத்தா எழுதுறவரு மாதிரிதான் இருக்கு."

சேர் ஒண்ணு வந்துச்சு. சுவரோரமாப் போட்டாங்க. மரியாதையாத்தான் போட்டாங்க.

சார் உக்காந்தாரு. எழுதினாரு.

ஒரு மீட்டரைப் பிரிச்சாங்க. சார் எட்டிப் பாத்தாரு. தோளு மறைச்சுச்சு. எழுந்திரிச்சாரு. "சொல்றோம் சார், உக்காருங்க," ன்னான் ஒரு பையன். உக்காந்தாரு. அடுத்த மீட்டரு. ஈயம் உருகுற வாடை வந்துச்சு, புகை வந்துச்சு, "பிடி, பிடி, விட்டுடாத" ன்னு சத்தம் வந்துச்சு, ஒரு சிரிப்பு வந்துச்சு. சாருக்கு வந்ததெல்லாம் "உள்கம்பி கட்" ங்கிற வார்த்தைதான். அதை எழுதினாரு.

முதல்ல எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் எரிச்சல் போயிடுச்சு. மேசையில என்ன நடக்குதுன்னு பாக்கிற ஆசையும் அதுகூடவே போயிடுச்சு. பேனாவைப் புடிச்சுக்கிட்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாரு.

வெயில் ஜன்னலைத் தாண்டினப்ப டீச்சர் தலையைத் தூக்கினாங்க.

"சார், கடைசி மீட்டர். அதை நீங்க பண்ணுங்க."

பிள்ளைங்க விலகி நின்னாங்க. எல்லாரும் அவரு கையையே பாத்தாங்க.

சார் அயர்னை எடுத்தாரு. மீட்டர் உள்ள மயிரு மாதிரி ஒரு கம்பி. அதை எங்க தொடணும்? காலையில இருந்து இதே மேசையில இதேதான் நடந்துச்சு. எழுதினது எல்லாம் அவரு கையெழுத்துதான். ஆனா எங்க தொடணும்னு அவருக்குத் தெரியல. ஈயம் கம்பியில விழாம மேசையில விழுந்துச்சு.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா தேவலை.

"தள்ளுங்க சார்," ன்னா பர்வீனா, ரொம்ப அன்பா. "நான் பண்ணிடறேன்."

சார் தள்ளி நின்னாரு.

தள்ளி நின்னதும் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி. பெரிய கண்டத்துல இருந்து தப்பிச்ச மாதிரி. தானாப் போய் சேர்ல உக்காந்து பேனாவை எடுத்தாரு.

"நீ பண்ணும்மா, நான் எழுதி..."

வாய் அங்கேயே நின்னுடுச்சு.

மூலையில இருந்து டீச்சர் கேட்டாங்க. "என்ன சார் சொல்ல வந்தீங்க?"

சார் பேனாவை மூடினாரு. மூடி சரியா உக்காரல. திரும்பத் திரும்ப அமுக்கினாரு.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர்."

டீச்சர் வாசல் வரைக்கும் வந்தாங்க.

"பொண்ணுங்களுக்கு ஏன் வரலன்னு கேட்டீங்களே. பதில் சொல்லணுமா சார்?"

"வேணாம் டீச்சர்."

திங்கக்கிழமை காலையில மில்லு வேன் வந்துச்சு. ஜன்னலோரம் நாகஜோதி. கண்ணு மூடியிருந்துச்சு. சார் இந்தத் தடவை கையைத் தூக்கினாரு. வேன் போற வரைக்கும் தூக்கினபடியே நின்னாரு. கண்ணு திறக்கல. அவளுக்குப் பக்கத்துச் சீட்டு காலியாத்தான் இருந்துச்சு.

லேப்ல பசங்க மேசையைச் சுத்தி நின்னாங்க. சுவரோரச் சேர்ல திலகராணி. மடியில ரெக்கார்டு நோட்டு, கையில பேனா.

"திலகா, எந்திரிம்மா. இன்னைக்குக் கனெக்‌ஷன் நீ குடு."

அவளுக்குக் காது கேக்காத மாதிரி இருந்துச்சு. திரும்பச் சொன்னாரு. நோட்டைச் சேர்லயே வச்சுட்டு எந்திரிச்சு வந்தா. பேனாவை எங்க வைக்கிறதுன்னு தெரியாம அதை மட்டும் கையிலயே வச்சுக்கிட்டு வந்தா.

பால்பாண்டிங்கிற பையன் முணுமுணுத்தான். "சார், வியாழக்கிழமை பரீட்சை சார்."

"தெரியும்டா."

அவ ஒயரை எடுத்தா. சார் ரெண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டாரு. ஒரு ஒயர் சரியாப் போச்சு. அடுத்ததும் சரி. மூணாவது தப்பு. பேட்டரியை நேரா மீட்டருக்கே குடுத்துட்டா. தள்ளுமாங்கிற வார்த்தை சாரோட தொண்டை வரைக்கும் வந்துச்சு.

"ஒருவாட்டி எல்லாத்தையும் பாத்துக்கிட்டியா?"

"பாத்துட்டேன் சார்."

"அப்ப ஸ்விட்சைப் போடு."

போட்டா. முள்ளு ஓடிப்போய் ஓரத்துல டப்புனு அடிச்சு நின்னுச்சு. அப்புறம் கருகுற வாடை வந்துச்சு.

பசங்க சிரிச்சாங்க. திலகராணி கையை உதறிப் பின்னாடி கட்டிக்கிட்டா. கண்ணு சுவரோரச் சேருக்குப் போச்சு.

சார் அந்த மீட்டரைக் கழட்டி ஓரமா வச்சாரு. அவரு லேப்ல கருகின முதல் மீட்டரு. ஹெட்மாஸ்டர் கேப்பாரு, மேல இருந்தும் கேப்பாங்க. பீரோவைத் திறந்தாரு. அந்த மாதிரி மீட்டர் உள்ள இருந்தது இன்னும் ஒண்ணே ஒண்ணு. எடுத்துக்கிட்டு வந்து திலகராணி முன்னாடி வச்சாரு.

"சார்," ன்னான் பால்பாண்டி. இப்ப அவன் சிரிக்கல. "இதுவும் போச்சுன்னா நாங்கெல்லாம் எதுல சார் பரீட்சை செய்யுறது?"

நியாயமான கேள்வி.

திலகராணி பின்னாடி நகந்தா. சேர் பக்கம் திரும்பினா.

"வேணாம் சார். பால்பாண்டி பண்ணட்டும் சார். நான் எழுதுறேன் சார்."

அவ போறதுக்குள்ள சார் போய் அந்தச் சேர்ல உக்காந்துட்டாரு. சேர்ல இருந்த ரெக்கார்டு நோட்டை மடியில வச்சுக்கிட்டு, அவ கையில இருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாரு.

"என் எழுத்து கோணலாத்தான் இருக்கும், பொறுத்துக்க," ன்னாரு. "ரீடிங் சொல்லு."