குழாய் வேல்

"டீச்சர், இன்னொரு கோட்டு பெயிண்ட் அடிச்சிரட்டுமா?"

கேட்டவர் சிங்காரம். வயசு நாற்பத்தாறு. கல்யாண மேடை ஜோடிக்கிறவர், பேருக்கேத்த தொழில்தான். தெர்மாகோலைத் தங்கத் தூணாக்கிப் பளபளவென்று நிறுத்திவிடுவார். ஆசை மட்டும் வேறு. காஸ்ப்ளே என்கிற வேஷப் போட்டியில் கோட்டைக் காவல்காரனாக வேஷம் கட்டி, கையில் வேலோடு மேடையேற வேண்டும்.

டீச்சர் ஜென்சிக்கு இருபத்தேழு வயசு. வேஷக்காரர்களின் வாளுக்கும் கேடயத்துக்கும் பெயிண்ட் அடித்து நிஜம் போலக் காட்டுகிறவள்; கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள். போட்டி மண்டபத்துக்கு எதிரேதான் அவள் ஷெட்.

"இதுவரைக்கும் எத்தனை கோட்டு?"

"ஏழு."

ஜென்சி அவருடைய வேலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கம்புக்கு பி.வி.சி. குழாய். நுனியில் வேல்முனையாக ஃபோமில் வெட்டிய இலை. குழாய்க்கு மர நிறம், இலைக்கு இரும்பு நிறம். பழசாகத் தெரியட்டும் என்று மேலிருந்து கீழ்வரை கீறல் போட்டிருந்தார். சாணுக்கு ஒரு கீறல், அளந்து வைத்த மாதிரி. மேடை ஜோடிக்கிற கை வேறெப்படிப் போடும்?

"அண்ணே, இவன் இதை எங்க புடிச்சான்?"

"எவன்?"

"உங்க காவல்காரன்."

சிங்காரம் முழித்தார். பிடித்தவனைப் பற்றி அவர் நினைக்கவேயில்லை.

"பயமா இருக்கு டீச்சர். போன வருஷம் நடுவர் மைக்கை வெச்சுக்கிட்டு, 'இது வேலா, பிளம்பிங் வேலையா'ன்னு கேட்டாரு. மண்டபமே சிரிச்சுது. அங்கேயே கீழ போட்டுட்டு ஓடி வந்துட்டேன். இன்னிக்கும் அதே நடுவர்தான். இன்னிக்கும் சிரிச்சா, இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

ஜென்சி ஒரு டப்பாவைத் திறந்தாள். கறுப்பு பெயிண்டில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். பிரஷ்ஷை முக்கி, கம்பு முழுக்க இழுத்துவிட்டாள்.

"ஐயையோ! துடைக்கத் துணி கொண்டாரட்டுமா?"

"துணி வேண்டாம். புடிங்க. நிமிர்ந்து நில்லுங்க."

"எம்புட்டு நேரம்?"

"காவலுக்கு நிக்கிறவன் நேரம் கேப்பானா?"

டீ குடிக்கப் போய்விட்டாள்.

சிங்காரம் நின்றார்.

மண்டபத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். அப்புறம் கொல்லென்று ஒரு சிரிப்பு. யார் எதற்குச் சிரித்தார்களோ, இவருக்குப் போன வருஷச் சிரிப்பாகவே கேட்டது. உள்ளங்கை வேர்த்து ஊற்றியது. கம்பு வழுக்கியது. இறுக்கினார். மறுபடி வழுக்கியது. இன்னும் இறுக்கினார்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஓடிப்போனால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? கால் ஓரடி வாசல் பக்கம் நகரவும் செய்தது. கை மட்டும் பிடித்ததை விடவில்லை.

அரைமணி கழித்து ஜென்சி வந்தாள். "கையை எடுங்க."

உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. கம்பு மேலும் கீழும் அழுக்கேறிக் கிடந்தது. கைபட்ட இடத்தில் மட்டும் கறுப்பு போய், உள்ளே இருந்த மர நிறம் தேய்ந்தாற்போல் வெளுத்திருந்தது. கட்டைவிரல் உருண்ட தடம்கூடத் தெரிந்தது.

"மன்னிச்சிருங்க டீச்சர். பாழாப்போன வேர்வை, எல்லாத்தையும் அழிச்சுத் தொலைச்சிருச்சு. சட்டுனு ஒரு கோட்டு..."

பிரஷ்ஷை எடுக்கப் போனார். ஜென்சி அதைப் பிடுங்கி வைத்தாள். இனிமேல் அழியாதபடி, அந்தத் தடத்தின் மேல் வார்னிஷ் ஸ்பிரே அடித்தாள்.

"இப்பச் சொல்லுங்க. எங்க புடிச்சான்?"

சிங்காரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காய்ந்த நேரத்தில் மைக்கில் அவர் பெயர் கேட்டது.

காவல்காரன் வேஷத்தோடு மேடையேறி, வெளுத்த இடத்திலேயே கம்பைப் பிடித்து நின்றார். நடுவர் கம்பைக் கையில் வாங்கினார். போன வருஷம் போலவே மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோனார். 

நடுவர் கம்பைத் திருப்பினார். வெளுத்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். மைக்கைக் கீழே இறக்கினார்.

"ரொம்பப் பயந்திருக்கான் போலிருக்கே, இதைப் புடிச்சவன்?"

"ஆமாங்க," என்றார் சிங்காரம். "ஆனா கீழ போடலை."