இளநீர் மாதிரி தண்ணீர்

நீலாம்பரி அடுக்ககத்தின் தலைவர் தண்டபாணி, தானே முன்னால் நின்று போட்ட போர்வெல் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இளநீர் மாதிரி இருக்கு! நாளையிலேருந்து லாரித் தண்ணி வேண்டாம்" என்றார். கமிட்டியில் அவரைத் தவிரப் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் படித்தவர்கள். ஆளுக்கொரு மடக்கு குடித்தார்கள். மூன்றாம் மாடி டாக்டருக்கு முகம் கோணிப் போனது. அவரும் சிரித்தபடியே முழுங்கினார். "இளநீரேதான் சார்!"

படிக்கட்டு பெருக்கிக்கொண்டிருந்த லூர்துமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக இந்தத் தண்ணீரில் தரை துடைத்துத் துடைத்து அவள் கைதான் வெடித்துக் கிடக்கிறது.

"உப்புக் கரிக்குது சார். இதுல பருப்புகூட வேகாது."

தலைவர் சீறினார். "இவங்களைவிட உனக்குத் தெரியுமோ? உன் பக்கம் ஒரே ஒருத்தரைக் காட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"சரி சார். எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. நீங்களும்தான். உப்புன்னு நினைக்கிறவங்க மட்டும் சத்தமில்லாம கையைத் தூக்குங்க."

சலித்துக்கொண்டே மூடினார்கள். சற்றுப் பொறுத்து, "கையை இறக்காம கண்ணைத் திறங்க" என்றாள்.

பன்னிரண்டு கைகள் மேலே நின்றன.

லூர்துமேரி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "ஒருத்தர்தானே கேட்டீங்க சார்? இதுல யாரைக் காட்டட்டும்?"