பாறையிலிருந்து தியானம் படித்த மயில்

மயில் சிகாமணிக்கு ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. சிறுத்தையின் வாடை அடித்தால் போதும், பயத்தில் தொண்டை தானாகத் திறந்து அலறிவிடுவான். அந்த அலறலே அவன் இருக்கும் இடத்தைச் சிறுத்தைக்குக் காட்டிக்கொடுத்துவிடும். போன மழைக்காலத்தில் அவன் அண்ணன் அப்படி அலறித்தான் உயிரை விட்டான்.

காட்டுக் குளத்தில் கல்லம்மா என்ற ஆமை இருந்தாள். ஐம்புலன்களையும் உள்ளே இழுத்துப் பயத்தைக் கரைக்கும் தியானம் அவளுக்குக் கைவந்த கலை. தவளை, முயல், கீரி எல்லாம் கரைச் சேற்றில் உட்கார்ந்து அவளிடம் பயின்றன.

சிகாமணியும் போனான். சேற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இதிலயா உட்காரணும்? என் தோகை என்னாகிறது!"

"தோகையைக் கழுவிக்கலாம். வாப்பா!" என்றாள் கல்லம்மா.

"வேண்டாங்க! நான் பாறை மேலேயே இருந்து படிக்கிறேன். பாடத்தை மட்டும் சொல்லி அனுப்புங்க!"

மைனா சொக்கி தூது போக ஒப்புக்கொண்டாள். தினமும் காலையில் பாடத்தைக் கேட்டுக்கொண்டு பாறைக்குப் பறப்பாள். ஒரு சொல்லைக்கூட விடமாட்டாள்.

"முதல்ல காலை அடக்கு! அப்புறம் கழுத்து! அப்புறம் கண்ணை மூடு! கடைசியா மூச்சைக் கவனி!"

சிகாமணி அப்படியே செய்தான். அவன் சோம்பேறி இல்லை. குளக்கரையில் கீரி குறட்டை விட்ட நாட்களிலும் அவன் பாறையில் ஆடாமல் உட்கார்ந்திருந்தான். மெல்ல மெல்ல நெஞ்சு லேசானது. ஒருநாள் உள்ளே ஆனந்தம் குபீரென்று பொங்கியது!

"சொக்கி, கிடைச்சிடுச்சு! பயம் போன இடமே தெரியல!"

"அடேயப்பா! அண்ணே, நீங்க எங்கேயோ போயிட்டீங்க!"

அன்றிலிருந்து தினமும் அந்த ஆனந்தம் வந்தது. சில நாளில் சிறுத்தையும் வந்தது. புதருக்குள் இரை பொறுக்கிக்கொண்டிருந்த சிகாமணியின் மூக்கில் வாடை ஏறியது. தொண்டை துடித்தது. சட்டென்று கண்ணை மூடினான். கால், கழுத்து, கண், மூச்சு... அலறல் வரவில்லை! பயம் கரைந்தது. ஆனந்தம் பொங்கியது. 'ஜெயிச்சிட்டேன்!' என்று மனசுக்குள் குதித்தான்.

பாய்ந்தது சிறுத்தை!

பின்பக்கம் சுரீரென்றது. சிகாமணி படபடவென்று சிறகடித்து, எப்படியோ ஒரு கிளையைப் பிடித்தான். கீழே, வாய் நிறைய மயிலிறகோடு சிறுத்தை தும்மிக்கொண்டிருந்தது.

சிகாமணி நேராகக் குளத்துக்குப் பறந்தான்.

"உங்க பாடமே பொய்! நான் மூச்சுக்கூட விடல! அது என்னைக் கண்டுபிடிச்சிடுச்சு!"

"எங்கே, பாடத்தைச் சொல்லு!"

சொன்னான். ஓர் எழுத்துப் பிசகவில்லை. கல்லம்மாவுக்கே வியப்பு.

"சரியாத்தான் சொல்ற. இப்ப உட்கார். நான் பார்க்கணும்."

இந்தத் தடவை அவன் சேற்றைப் பற்றிப் பேசவில்லை. உட்கார்ந்தான். கண்ணை மூடினான். ஆனந்தம் பொங்கியது.

"ஆ!"

கல்லம்மா பின்னால் வந்து வெடுக்கென்று கடித்திருந்தாள்.

"இது என்ன?"

"எது?"

"திரும்பிப் பார்!"

சிகாமணி பார்த்தான். மிச்சமிருந்த நாலைந்து இறகுகளும் விசிறியாய் விரிந்து நின்றன!

"சந்தோஷம் வந்ததும் தோகை விரியுது, உனக்கே தெரியாம! புதருக்கு மேல கொடி ஏத்தின மாதிரி நின்னிருக்கும். சிறுத்தை சும்மா போகுமா?"

தவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. சொக்கி மட்டும் திருதிருவென்று விழித்தாள்.

"அது தினமும் விரியுமே! ஞானம் வந்தா அப்படித்தான் ஆகும்னு நான் நினைச்சேன்!"

"ஏண்டி, என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்றாள் கல்லம்மா.

"பாடத்தைக் கொண்டுபோகத்தானே அனுப்பினீங்க? அண்ணன் எப்படி உட்கார்றாருன்னு பார்த்துட்டு வரச் சொல்லலையே!"

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டான். "முதல் நாளே நான் இங்க உட்கார்ந்திருந்தா?"

"தோகை விரிஞ்ச முதல் நாளே கடிச்சிருப்பேன்!" என்றாள் கல்லம்மா.

பாடம் எவ்வளவு தூரத்திலிருந்தும் நம்மை வந்து சேரும். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத நம் பிழையைக் காண, பக்கத்தில் ஓர் ஆசான் இருக்கவேண்டும்.